எந்த வெற்றிக்கு அதிகமாகக் கத்தினீர்கள்? (ஹாக்கி மட்டும்)

எழும்பூர்_கேலரி எழுதியது:

ஹாக்கி பார்க்கிறவர்கள் மட்டும் பதில் சொல்லுங்கள். இந்தியா ஜெயித்ததில் எந்த வெற்றிக்கு நீங்கள் அதிகமாகக் கத்தினீர்கள்?

எது பெரிய வெற்றி என்று நான் கேட்கவில்லை. அதில் பேச ஒன்றுமில்லை. ஒலிம்பிக்கில் 8 தங்கம், 1975-இல் ஒரே ஒரு உலகக் கோப்பை, மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான். நான் கேட்பது தொண்டை கட்டிய கணக்கு. என்னுடைய கணக்கு தலைகீழாக இருக்கிறது, அதனால்தான் இந்தத் திரி.

2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் ஜெயித்தோம். இறுதி ஆட்டத்தில் ஜப்பானை 5-1. கூடவே பாரிஸ் ஒலிம்பிக்குக்கு நேரடியாக இடமும் கிடைத்தது. அந்த வருஷத்தில் அதைவிட முக்கியமான ஆட்டம் நமக்கு வேறு இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே நான் துணி மடித்தேன். மூன்றாவது கோல் விழுந்தபோது கையிலிருந்த வேட்டியை ஒழுங்காக மடித்து வைத்துவிட்டுத்தான் ரீப்ளே பார்க்கத் தலையைத் தூக்கினேன். சந்தோஷம் இல்லாமலில்லை. ஆனால் பல்ஸ் ஏறவே இல்லை.

அதற்கு இரண்டே மாதம் முன்னால், ஆகஸ்ட் 12, சனிக்கிழமை ராத்திரி, எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம். ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபி இறுதி ஆட்டம். ஆறு அணி ஆடுகிற தொடர். பெரிய கோப்பைகளோடு அதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. ஆனால் திங்கட்கிழமை அலுவலகத்தில் நான் போனை எடுத்து "ஹலோ" சொன்னதும், தினமும் என்னோடு பேசுகிற ஆளே "யார் பேசுறீங்க?" என்று கேட்டார். குரல் அந்த நிலைமையில் இருந்தது.

நேரில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எதிரில் மலேசியா. லீக் ஆட்டத்தில் நாம் 5-0 என்று உதைத்து அனுப்பிய அதே மலேசியா. அந்த ஆட்டத்தில் நம்ம அரியலூர் கார்த்தி செல்வம்தான் முதல் கோல் போட்டார், அதனால் கேலரியில் எல்லோருக்கும் ஒரு தெம்பு. இறுதி ஆட்டத்திலும் ஜுக்ராஜ் முதலில் கோல் போட்டுவிட்டார். அப்புறம் மலேசியாக்காரர்கள் வரிசையாக மூன்று. இடைவேளையில் 1-3. எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், ஆட்டம் ஆரம்பித்ததிலிருந்து பெனால்ட்டி கார்னருக்கு (கோல் அடிக்கக் கிடைக்கும் தனி வாய்ப்பு) யார் ஓட வேண்டும், யார் ஸ்டாப் செய்ய வேண்டும் என்று சத்தமாக ஆணை போட்டுக்கொண்டிருந்தவர், இடைவேளையில் ஒரு வார்த்தை பேசாமல் ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி குடித்தார். டர்ஃபுக்கு, அதாவது செயற்கைப் புல் தரைக்கு, தண்ணீர் பீய்ச்சினார்கள். அந்த நீல டர்ஃபில் தண்ணீர் விழும் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. முழு மைதானமும் அவ்வளவு அமைதி.

மூன்றாவது கால்பகுதி முடிய ஒரு நிமிடம்கூட இல்லை, பெனால்ட்டி ஸ்ட்ரோக், அதாவது கோல்கீப்பர் மட்டும் எதிரில் நிற்க அடிக்கும் அடி, கிடைத்தது. ஹர்மன்பிரீத் சிங் போட்டார், 2-3. சரி, ஒன்று வந்தது என்று உட்காரப் போகிறேன், அதற்குள் குர்ஜந்த் இன்னொன்று அடித்துவிட்டார். ஒரே நிமிடத்துக்குள் இரண்டு கோல். இரண்டாவதை நான் பார்க்கவே இல்லை, முன்னால் இருந்தவன் நின்றுவிட்டான். சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். கடைசியில் 56-ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப் 'டி' விளிம்பிலிருந்து, அதாவது கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டத்தின் விளிம்பிலிருந்து, ஒரு அடி. 4-3. ஃபிளாஸ்க் பெரியவர் என் தோளைப் பிடித்துக் குலுக்கியதில் சட்டையில் ஒரு பொத்தான் போனது.

இதற்கு நிகராக எனக்கு ஒன்றுதான் உண்டு, 2021 ஆகஸ்ட் 5, டோக்கியோ. ஜெர்மனியுடன் வெண்கலத்துக்கான ஆட்டம், நம் நேரப்படி காலை 7 மணி. 1-3 என்று பின்தங்கி, 5-3 என்று முன்னேறி, 5-4 ஆகி, ஆறு விநாடி சொச்சம் இருக்கும்போது ஜெர்மனிக்குப் பெனால்ட்டி கார்னர். பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம்: ஹூட்டர் அடித்தாலும் கொடுத்த கார்னர் ஆடி முடிந்தால்தான் ஆட்டம் முடியும். கடிகாரம் நம்மைக் காப்பாற்றாது. கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் காப்பாற்றினார். 41 வருஷத்துக்கு அப்புறம் ஒலிம்பிக் பதக்கம். அவர் கோல் போஸ்ட் மேலே ஏறி உட்கார்ந்த போட்டோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் கிரிக்கெட் பார்க்கிற என் அலுவலக நண்பர் கேட்டார், "மூணாவது இடத்துக்கா இந்த ஆட்டம் போடுறே?" பதில் சொல்ல வரவில்லை. தங்கத்துக்குத் துணி மடிக்கிறேன், வெண்கலத்துக்கு அழுகிறேன், ஆறு அணித் தொடருக்குச் சட்டையைக் கிழித்துக்கொள்கிறேன்.

நேரில் பார்ப்பதுதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் 2007 ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தையும் இதே எழும்பூரில் நேரில்தான் பார்த்தேன். தென் கொரியாவை 7-2 என்று துவைத்தோம். அன்று திருவிழா மாதிரி இருந்தது, மேளம், ஆட்டம் எல்லாம் உண்டு. வயிற்றில் ஒன்றும் பிசையவில்லை. அதனால் நேரில் பார்ப்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

எனக்குத் தோன்றுவது, பயம்தான் காரணம். அதுவும் பழைய அடியின் பயம். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் போலந்தோடு ஆடியது ஞாபகம் இருக்கிறதா? ஜெயித்தால் அரையிறுதி. 1-0 என்று முன்னால் இருந்தோம். கடைசி இரண்டு நிமிடத்துக்குள் போலந்து சமன் செய்தது, அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது. பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் அதைப் பார்த்தவன் நான். அதற்கப்புறம் கடைசி இரண்டு நிமிடத்தில் இந்தியா ஒரு கோல் முன்னிலை என்றால் என்னால் உட்கார முடியாது. டோக்கியோவில் அந்தக் கார்னர் கொடுக்கப்பட்டபோது எனக்குத் தெரிந்தது ஜெர்மனி இல்லை, போலந்து.

உங்கள் கணக்கைச் சொல்லுங்கள்.


கோவில்பட்டி_ரைட்_அவுட் எழுதியது:

தம்பி, நீங்கள் பார்த்ததை எழுதுகிறீர்கள். நான் பார்க்காததை எழுதுகிறேன்.

1975 மார்ச், கோலாலம்பூர் உலகக் கோப்பை. அப்போது நான் உயர்நிலைப் பள்ளி. எங்கள் ஊரில் ஹாக்கி என்றால் சாப்பாட்டுக்கு அடுத்தபடி. புழுதி மண் மைதானம், ஸ்டிக் உடைந்தால் கம்பி சுற்றி, ஆணி அடித்து, மறுபடி அதையே வைத்து ஆடுவோம். ரேடியோ இருந்த ஒரு டீக்கடை, அதன் வாசலில் நாங்கள் எல்லோரும். வர்ணனை இந்தியில், ஜஸ்தேவ் சிங் குரல். எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. ஆனால் அஜித்பால், கோவிந்தா, அசோக் குமார், சுர்ஜித் என்று பெயர்கள் விழும். பெயர் விழுகிற வேகத்தை வைத்துப் பந்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்போம். குரல் ஏறினால் 'டி'க்குள் போய்விட்டது என்று அர்த்தம். யாருடைய 'டி' என்பதுதான் சிக்கல்! ஒரு தடவை எல்லோரும் துள்ளிக் குதித்துவிட்டோம், கடைக்காரர்தான் "ஏலே, அது அவன் அடிச்ச கோலுடா" என்றார்.

எல்லோரும் இறுதி ஆட்டத்தைச் சொல்வார்கள். பாகிஸ்தானை 2-1. அவர்கள்தான் முதலில் போட்டார்கள், சுர்ஜித் சமன் செய்தார், தியான் சந்தின் மகன் அசோக் குமார் அடுத்ததைப் போட்டார். பந்து போஸ்டில் பட்டு வெளியே வந்தது, கோலே இல்லை என்று பாகிஸ்தான் ஆட்கள் சண்டை பிடித்தார்கள். அந்தக் கோலைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறவர்கள் உண்டு. இருந்தாலும் எனக்கு அதைவிட அரையிறுதிதான். மலேசியா, அவர்கள் ஊரில், அவர்கள் கூட்டத்துக்கு முன்னால். 1-2 என்று பின்னால் இருக்கிறோம். ஆட்டம் முடியச் சில நிமிடம்தான். பெஞ்சில் இருந்த அஸ்லம் ஷேர் கானைக் கூப்பிட்டு இறக்கினார்கள். கழுத்தில் கிடந்த தாயத்துக்கு முத்தம் கொடுத்துவிட்டு அவர் கார்னரை அடித்தார் என்பது பிற்பாடு படித்தது. ரேடியோவில் எங்களுக்குக் கேட்டது "அஸ்லம்" என்ற ஒரு பெயரும் பின்னால் ஒரு கூச்சலும்தான். அப்புறம் கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் முடித்து வைத்தார். 3-2.

கத்தினோமா? கத்தினோம். ஆனால் சந்தேகத்தோடு கத்தினோம். மறுநாள் பேப்பர் வந்து அதில் அச்சாகிப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு முழு நம்பிக்கை. ஒரு வெற்றிக்கு இரண்டு தடவை கத்தியது அதற்கப்புறம் எனக்கு அமையவே இல்லை.

உங்கள் போலந்துப் பயம் எங்களுக்குக் கிடையாது. 1975-இல் நமக்கு ஜெயித்துத்தான் பழக்கம். தோற்றால் அதிர்ச்சி, ஜெயித்தால் நியாயம். 1973-இல் ஆம்ஸ்டெல்வீனில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்திடம் ஸ்ட்ரோக்கில் தோற்ற எரிச்சல் மட்டும் இருந்தது.


புள்ளிக்கணக்கு_சுப்பு எழுதியது:

எழும்பூர் சார், உங்கள் 2007 திருவிழாவைக் கொஞ்சம் கெடுக்கிறேன், மன்னியுங்கள்.

செப்டம்பர் 9 அந்த இறுதி ஆட்டம். அதே மாதம் 24-ஆம் தேதி தோனி அணி டி20 உலகக் கோப்பை ஜெயித்தது. கிரிக்கெட்காரர்களுக்கு மாநில அரசுகள் லட்சம் லட்சமாக அறிவித்தபோது, எங்களுக்கு ஒன்றுமில்லையா என்று கர்நாடக ஹாக்கி வீரர்கள் உண்ணாவிரதம் இருக்கப்போவதாகச் சொன்ன கூத்தும் நடந்தது. 2008 மார்ச்சில் சிலி நாட்டு சாண்டியாகோவில் தகுதிச் சுற்று. இறுதி ஆட்டத்தில் பிரிட்டனிடம் 0-2. 80 வருஷத்தில் முதல் முறையாக ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணி இல்லை. எழும்பூரில் கொரியாவை ஏழு கோல் அடித்த ஆறே மாதத்தில்.

1998-ஐ எடுங்கள். பாங்காக் ஆசிய விளையாட்டு, தன்ராஜ் பிள்ளை தலைமையில் தங்கம், 32 வருஷத்துக்கு அப்புறம். இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவோடு ஸ்ட்ரோக் வரைக்கும் போய், கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால் தடுத்து ஜெயித்தோம். பரிசு? ஊருக்கு வந்ததும் தன்ராஜ், பல்லால் உட்படப் பல பேரை அணியிலிருந்து தூக்கினார்கள். கோச் கௌஷிக்கையும்தான்.

அதனால் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஜெயித்த ராத்திரி கத்த மாட்டேன். ஆறு மாதம் கழித்து அந்த அணி என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மனசுக்குள் கத்துவேன். சிரிக்காதீர்கள், இதிலும் ஒரு சுகம் இருக்கிறது.

1980 மாஸ்கோவைப் பற்றி யாராவது ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். பாஸ்கரன் நம்ம ஊர்க்காரர், தலைவராக இருந்து வாங்கியது, மரியாதை உண்டு. ஆனால் புறக்கணிப்பில் பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா எவரும் வரவில்லை. தான்சானியாவை 18-0 என்று அடித்த தொடர் அது. பட்டியலில் தங்கம், துள்ளலில் நடுத்தரம்.

ஆனால் நான் ஒரே ஒரு தடவை ஆறு மாதம் காத்திருக்கவில்லை. பாரிஸ், 2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு மதியம், பிரிட்டனோடு காலிறுதி. 17-ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்கு சிவப்பு அட்டை. மிச்சம் 40 நிமிடத்துக்கு மேல் பத்து பேர். அதிலும் கார்னருக்கு முதலில் ஓடி வந்து தடுக்கிற ஆளே போய்விட்டார். ஹர்மன்பிரீத் கோல் போட்டார், அவர்கள் சமன் செய்தார்கள், அதற்கப்புறம் முழுக்க முழுக்க நம் 'டி'யில்தான் ஆட்டம். 1-1. சமநிலையை உடைக்கும் ஷூட்-அவுட்டில் 4-2. அது கோப்பையும் இல்லை, பதக்கமும் இல்லை. மதியச் சோறு தட்டில் காய்ந்துபோனது. நான்கு நாள் கழித்து ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலம் வாங்கியபோது, ஸ்ரீஜேஷின் கடைசி ஆட்டம் என்பதால் கண் கலங்கியது, வேறொன்றும் இல்லை.


மத்திய_வரிசை_மேரி எழுதியது:

அண்ணன்மார்களே, ஐயாமார்களே, இவ்வளவு நீளத் திரியில் ஒரு பெண்கள் ஆட்டம்கூடக் கிடையாதா? நான் காலேஜ் அணியில் சென்டர் ஹாஃப் ஆடியவள், சும்மா விடமாட்டேன்.

2002 மான்செஸ்டர் காமன்வெல்த். இங்கிலாந்தை அவர்கள் மண்ணிலேயே 3-2, கூடுதல் நேரத்தில் மம்தா கராப் போட்ட கோல்டன் கோல். அப்போது முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். இப்போது அந்த விதி இல்லை. நான் நேரலையில் பார்க்கவில்லை. ஆனால் எங்கள் கோச், பெண்களுக்கு மைதானம் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல்தான் என்று சொல்லி ஆண்கள் ஆடி முடித்து வெளிச்சம் போன பிறகு இடம் கொடுப்பவர், மறுநாள் எங்களை நாலு மணிக்கே வரச் சொன்னார். எனக்கு அந்தத் தங்கத்தின் மதிப்பு ஒன்றரை மணி நேர வெளிச்சம்.

கத்தியது என்றால் டோக்கியோதான், 2021 ஆகஸ்ட் 2. முதல் மூன்று ஆட்டமும் தோல்வி, நெதர்லாந்திடம் 1-5, ஜெர்மனியிடம் 0-2, பிரிட்டனிடம் 1-4. யாரும் எதிர்பார்க்கவில்லை. அப்புறம் அயர்லாந்தை 1-0, தென்னாப்பிரிக்காவை 4-3, அதில் வந்தனா கட்டாரியா ஹாட்ரிக். தத்தித் தடுமாறிக் காலிறுதி. எதிரில் ஆஸ்திரேலியா. குர்ஜித் கௌர் கார்னரில் ஒரு கோல் போட்டார், அவ்வளவுதான் நம் பங்கு. மிச்சமெல்லாம் கோல்கீப்பர் சவிதா. ஆஸ்திரேலியாவுக்குக் கார்னர் மேல் கார்னர், ஒவ்வொரு தடவையும் சவிதா காலை நீட்டி, கையை நீட்டி, விழுந்து, எழுந்து. நான் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்ததில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எல்லோரும் டிவி முன்னால்.

அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 1-2. வெண்கல ஆட்டத்தில் பிரிட்டனிடம் 0-2-இலிருந்து 3-2 வரை வந்து 3-4 என்று தோற்றோம். நான்காவது இடம். நாலாவது இடத்துக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட நாடு வேறு இருக்குமா தெரியாது.

சுப்பு அண்ணா சொன்ன ஆறு மாதக் கணக்கு இங்கே இன்னும் கொடுமை. 2023 நவம்பரில் ராஞ்சியில் ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபி, ஜப்பானை 4-0, கோப்பை நமக்கு. 2024 ஜனவரியில் அதே ராஞ்சியில், அதே மைதானத்தில் ஒலிம்பிக் தகுதிச் சுற்று. அரையிறுதியில் ஜெர்மனியிடம் ஷூட்-அவுட்டில் போனது, அப்புறம் அதே ஜப்பானிடம் 0-1. பாரிஸ் போச்சு. நாம் நாலு கோல் அடித்த அதே அணிக்கு எதிராக ஒரு கோல் போட முடியவில்லை. ஜெயித்த கோப்பையை நினைத்தாலே இப்போது வயிறு எரிகிறது.


ஈப்போக்காரன் எழுதியது:

வணக்கம் அண்ணே. நான் மலேசியா. எங்க ஊர்லதான் அஸ்லான் ஷா கோப்பை நடக்கும். சின்ன வயசுல அப்பா சைக்கிள்ல கூட்டிட்டுப் போவார், அப்போ இந்தியா பாகிஸ்தான் ஆட்டத்துக்கு இந்தியாவுக்குக் கை தட்டுவோம், இந்தியா மலேசியா ஆட்டத்துக்கு வீட்டுக்குள்ள ரெண்டு கட்சி. தாத்தா ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம்.

கோவில்பட்டி ஐயா சொன்ன 1975 அரையிறுதி எங்க வீட்டுல வேற கதை. அப்பா அந்த ஆட்டத்தைப் பத்திப் பேசினா குரல் மாறிடும். இன்னும் கொஞ்ச நிமிஷம் தாக்குப்பிடிச்சிருந்தா உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நாலாவதா முடிச்சோம். அதுக்கப்புறம் அவ்வளவு மேல போனதே இல்லை. ஐயாவுக்கு அஸ்லம் ஷேர் கான் பெயர் சந்தோஷம், எங்கப்பாவுக்கு அந்தப் பெயரே ஆகாது.

எனக்குப் பெரிய சந்தோஷம் உங்களைத் தோற்கடிச்சதுதான், தப்பா நினைக்காதீங்க. 2018 ஜகார்த்தா, ஆசிய விளையாட்டு அரையிறுதி. கடைசி நேரத்துல ரஸி ரஹிம் சமன் பண்ணினார், 2-2. ஷூட்-அவுட்டு போய்க்கிட்டே இருந்துச்சு, சடன் டெத், ஒருத்தர் போட்டு அடுத்தவர் விட்டா அங்கேயே முடிவு, 7-6. எங்க கோல்கீப்பர் குமார், நம்ம ஆளு, கடைசியில தடுத்தார். நான் வேலைக்கு நடுவுல போன்ல பார்த்து, கடைக்கு வெளியே ஓடி வந்து கத்தினேன். பக்கத்துக் கடை சீன அங்கிள் தீப்பிடிச்சிடுச்சுன்னு நினைச்சு வாளியோட வந்துட்டார்.

ரெண்டு நாள் கழிச்சு இறுதி ஆட்டம் ஜப்பானோட. ஜெயிச்சா நேரா டோக்கியோ. 2000 சிட்னிக்கு அப்புறம் எங்க ஆண்கள் அணி ஒலிம்பிக் பக்கம் போனதே கிடையாது. நல்லா முன்னால இருந்தோம். அப்புறம் 6-6. ஷூட்-அவுட்ல போச்சு. அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை.

எழும்பூர் அண்ணே, உங்களுக்கு போலந்து மாதிரி எங்களுக்கு அது. அதனாலதான் 2023-ல சென்னையில 3-1-ன்னு இடைவேளைக்குப் போனப்பவே எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. முன்னால இருக்கிறதுதான் எங்களுக்குப் பயம். எங்க கோச் அருள் செல்வராஜ் முகத்தை கேமராவுல காட்டினாங்க, அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்னு தோணுச்சு. அந்த ஒரு நிமிஷத்துல ரெண்டு கோல் வந்ததும் டிவியை நிறுத்திட்டேன். நாலாவது கோலை இன்னும் பார்க்கலை.


எழும்பூர்_கேலரி எழுதியது:

ஈப்போ தம்பி, என் சட்டைப் பொத்தான் போன கோலை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்பது எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. அந்த இரவு ஆட்டம் முடிந்ததும் மலேசிய வீரர்கள் டர்ஃபில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் பகுதியில் சிலர் அவர்களுக்கும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஃபிளாஸ்க் பெரியவரும்தான்.

மேரி அக்கா, ராஞ்சியை ஞாபகப்படுத்தியிருக்க வேண்டாம். ஜெர்மனி ஷூட்-அவுட்டை நான் பேருந்தில் போனில் பார்த்தேன், நெட்வொர்க் சுற்றிக்கொண்டே நின்றது. கோவில்பட்டி ஐயா ரேடியோவில் கேட்டதற்கு மிகவும் பக்கத்தில் நான் போனது அன்றுதான். படம் நின்றுபோனபோது பந்து சவிதாவின் காலுக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளேயா வெளியேயா என்பதற்காக இரண்டு நிறுத்தம் காத்திருந்தேன்.

சுப்பு சார், ஆறு மாதம் காத்திருந்து கத்துவது உங்களுக்குச் சரியாக வரலாம். எனக்கு ஆகாது. 2007-இல் சாண்டியாகோ வரும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கு இன்னும் அதிகமாகத்தான் ஆடியிருப்பேன். பாரிஸ் காலிறுதியைப் பற்றி நீங்கள் சொன்னது மட்டும் முழுக்கச் சரி. நானும் அதைப் பட்டியலில் சேர்க்கிறேன், கோப்பை இல்லாவிட்டாலும்.


கோவில்பட்டி_ரைட்_அவுட் எழுதியது:

போன டிசம்பரில், 2025-இல், ஜூனியர் உலகக் கோப்பையை யாரும் சொல்லவில்லையே. வெண்கலத்துக்கு அர்ஜென்டினாவோடு எழும்பூரில் ஆடினார்கள். பையன்கள் கடைசிக் கால்பகுதி வரைக்கும் 0-2. ஸ்ரீஜேஷ் கோச்சாக வெளியே நின்றுகொண்டு என்ன சொன்னாரோ, கடைசிப் பத்துப் பதினொரு நிமிடத்தில் நான்கு கோல், 4-2. பேரனோடு டிவியில் பார்த்தேன். அவனுக்கு அது முதல் முழு ஆட்டம். 0-2 ஆனபோது கார்ட்டூன் வைக்கச் சொன்னான், நான் ரிமோட்டை மடிக்கடியில் வைத்துக்கொண்டேன். நாலாவது கோலுக்கு அவன் போட்ட கூச்சலில் எனக்குக் காது அடைத்தது.

தங்கம் ஜெர்மனிக்கு. அந்த இறுதி ஆட்டத்தை அவன் பார்க்கவில்லை, "நம்ம ஆட்டம் முடிஞ்சிருச்சே தாத்தா" என்று விளையாடப் போய்விட்டான்.


ஈப்போக்காரன் எழுதியது:

சரி அண்ணே, அந்த நாலாவது கோலை இப்பத்தான் தேடிப் பார்த்தேன். நல்ல அடிதான். ஆனா அதுக்கு முன்னாடி எங்க மூணு கோலையும் ஒருதரம் போட்டுப் பாருங்க, அதுவும் மோசம் இல்லை.